ஓர் ஆளுக்கு ஓர் உலை

"ஒரு ஆளுக்கு என்ன சமையல்?" என்ற கேள்வியைப் பல வயதினர் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். படிப்புக்காக வீட்டை விட்டு வந்து முதன்முதலாகத் தனி அறையில் தங்கும் மாணவர் கேட்பார். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் கதவைத் திறக்கும் ஊழியர் கேட்பார். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போனபின் பெரிய வீட்டில் ஒற்றையாக இருக்கும் முதியவர் கேட்பார். இதை யாரும் வருத்தத்தோடு கேட்பதில்லை என்பதுதான் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. போட்டுப் பார்த்து முடித்த ஒரு கணக்கின் விடையைச் சொல்லும் குரலில்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நால்வருக்குச் சமைத்தாலும் ஒருவருக்குச் சமைத்தாலும் அடுப்பு ஒன்று, பாத்திரம் ஒன்று, கழுவித் துடைக்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்று. நான்கு பேர் சாப்பிட்டால் அந்த உழைப்பு நான்காகப் பங்கிடப்படும். ஒருவரே சாப்பிட்டால் முழுவதும் அவர் தலையில் விழும். ஆகவே தனியாள் தனக்கென்று சமைப்பது நட்டம் என்பது அந்தக் கணக்கு. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அதை மறுத்துப் பேசுவது கடினமாக இருக்கிறது. நானும் தனியாக வாழ்கிறேன், பெரும்பாலான நாள்களில் எனக்காகச் சமைக்கிறேன், அந்தப் பாதி உண்மையின் பாரத்தை நன்றாக அறிவேன். மீதிப் பாதியைப் பற்றி எழுதவே இந்தக் கட்டுரை.

தனித்து உண்பதைப் பற்றி நம் மொழியில் பழைய கடுஞ்சொல் ஒன்றும் உண்டு. சேர்த்து வைத்ததைப் பிறருக்குக் கொடாமல் தான் மட்டும் இருந்து உண்பது இரத்தலைக் காட்டிலும் கொடியது என்கிறது ஈகை அதிகாரத்தின் ஒன்பதாம் குறள். தனியாகச் சாப்பிடுவது தாழ்வான காரியம் என்று காட்ட இதை எடுத்துச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எந்த அதிகாரத்தில் நிற்கிறது என்பதே அது யாரை நோக்கியது என்பதைச் சொல்லிவிடுகிறது: பசித்தவர் வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உண்பவரை. பங்கிட ஆளே இல்லாத வீட்டில், உழைத்து வந்து தனக்கென்று ஒரு பிடி அரிசியை உலையில் இடுபவரிடம் அந்தக் குறளுக்கு வழக்கு எதுவும் இல்லை. இருந்தும் அந்த இகழ்ச்சியின் நிழல் எப்படியோ தனியாக வாழ்பவர்களின் தட்டின்மேல் விழுந்துவிட்டது. தங்களுக்காக ஒரு காயை நறுக்குவதைக்கூட நியாயப்படுத்த வேண்டிய சொகுசாக அவர்கள் எண்ணுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

கை அளவு

என் பெரியம்மா பெரிய குடும்பம் ஒன்றுக்குப் பல ஆண்டுகள் சமைத்தவர். அரிசியை அளக்க அவருக்குப் படி தேவைப்பட்டதில்லை. உப்பை விரலால் அள்ளிப் போட்டால் அது சரியாகத்தான் இருக்கும். பெரியப்பா காலமாகி, பிள்ளைகளும் வெளியூர்களில் குடியேறிய பிறகு, அவருடைய இரவு உணவு இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு குவளைத் தேநீரும் என்றாகிவிட்டது. ஒருமுறை பார்க்கப் போனபோது, இப்படிச் சாப்பிட்டால் உடம்பு என்னவாகும் பெரியம்மா என்று கேட்டேன். "எனக்கு ஒருத்திக்காக அடுப்பப் பத்த வைக்கணுமா கண்ணு?" என்றார். அதோடு நின்றிருந்தால், துணையை இழந்தவரின் சலிப்பு என்று நானும் எல்லோரையும் போல முடிவு செய்திருப்பேன். சிறிது நேரம் கழித்து, வேறு பேச்சுக்கு நடுவே, அவராகவே சொன்னார்: "அளவே கைக்கு வர மாட்டேங்குது. கொஞ்சமாத்தான் போடறேன்னு நெனச்சுப் போடறேன், பாத்தா மூணு நாளைக்கு நிக்குது. கொறச்சுப் போட்டா அடி பிடிக்குது. எல்லாம் மறந்துபோச்சு போல."

மறந்துபோயிற்று என்ற அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை. ஊரைக் கூட்டி விருந்து வைத்தாலும் பதறாத ஒருவர், ஒரு கை அரிசி அடி பிடித்ததற்காகத் தன் திறமையையே சந்தேகிக்கிறார். தனியாக இருக்கும் முதியவர்கள் சமைக்காமல் விடுவதைப் பற்றிப் பேசும்போது நாம் தனிமையைச் சொல்கிறோம், முதுமையைச் சொல்கிறோம், துக்கத்தைச் சொல்கிறோம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்குப் பின்னால், யாருமே சோதித்துப் பார்க்காத ஒரு கைத்தொழில் சிக்கலும் இருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. பெரியம்மாவின் துக்கத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. அடி பிடிக்கும் பானைக்கு இருக்கக்கூடும்.

ரொட்டியும் தேநீருமாக ஓடும் இரவுகள் சின்ன விஷயம் அல்ல. வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். முதியவர்களின் உடல் புரதத்தைப் பயன்படுத்தும் திறன் குறைவதால் அவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று முதுமை மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். அதாவது, பசி குறையும் வயதில்தான் தேவை கூடுகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், சமைக்காத பருப்பு 100 கிராமில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ரொட்டியிலும் தேநீரிலும் அந்த 50 கிராமை எட்டவே முடியாது. பற்றாக்குறை முதலில் தெரிவது தசையில். நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருப்பதில்.

நான்கால் வகுத்தால் வராத விடை

வீட்டுக்குத் திரும்பியதும் சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டேன். சமையல் குறிப்புகள் பெரும்பாலும் நான்கு பேருக்கு என்றுதான் தொடங்குகின்றன. தனியாள் அதை நான்கால் வகுத்துக்கொள்வார் என்று எழுதுபவர்கள் எண்ணுகிறார்கள் போலும். முதலில் சோற்றை எடுத்துக்கொண்டேன். அரிசியை எடை போட்டேன். தண்ணீரை எடை போட்டேன். வெந்ததும் பானையோடு சேர்த்து மறுபடி எடை போட்டேன். குறைந்திருந்த எடை ஆவியாகப் போன தண்ணீர். அதே பானையில், அதே தீயில், அதே நேரம் நால்வருக்கான அரிசியை வேகவைத்து மீண்டும் எடை பார்த்தேன். இரண்டு முறையும் ஆவியாகப் போனது ஏறக்குறைய ஒரே அளவு.

அந்த எண்களின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது அப்படித்தான் இருக்க முடியும். எவ்வளவு தண்ணீர் ஆவியாகும் என்பதைப் பானையின் வாயகலம், மூடியின் இறுக்கம், தீயின் அளவு, கொதிக்கும் நேரம் ஆகியவை தீர்மானிக்கின்றன. உள்ளே எத்தனை பேருக்கான அரிசி கிடக்கிறது என்பது ஆவிக்குத் தெரியாது. அரிசி உறிஞ்சிக்கொள்ளும் தண்ணீர் மட்டுமே ஆள் கணக்கில் ஏறி இறங்குவது. 100 கிராம் அரிசி வெந்து சோறாகும்போது ஏறத்தாழ 180 கிராம் தண்ணீரை உறிஞ்சும். அரிசி வகைக்கேற்ப இது சற்று மாறும். ஆவியில் போவது 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கு 300 கிராம் அரிசி என்றால் 540 கிராம் உறிஞ்சுவதற்கு, 100 ஆவிக்கு, மொத்தம் 640. அரிசியைப் போல இரு மடங்குக்குச் சற்று மேல். ஒருவருக்கு 75 கிராம் அரிசி என்றால் 135 கிராம் உறிஞ்சுவதற்கு, ஆவிக்கு அதே 100, மொத்தம் 235. அரிசியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 640ஐ நான்கால் வகுத்து 160 கிராம் தண்ணீர் வைப்பவரின் சோறு பாதி வெந்த நிலையில் அடி பிடிக்கத்தான் செய்யும். கைப்பக்குவம் எவ்வளவு இருந்தாலும் அந்த 75 கிராம் குறையை ஈடுகட்ட முடியாது.

எனக்கு இது வெறும் சோற்றுக் கணக்காகத் தெரியவில்லை. தனியாகச் சமைப்பவரைக் குடும்பத்தின் கால்வாசியாகக் கருதித்தான் குறிப்புகளும் பாத்திரங்களும் காய்கறிக் கட்டுகளும் அமைந்திருக்கின்றன. அவரும் தம்மை அப்படியே கருதப் பழகிவிடுகிறார். ஆனால் ஒருவருக்கான சமையல் என்பது தனக்கென்று அளவுகளும் நேரங்களும் வசதிகளும் உடைய வேறொரு சமையல். அது பெரிய சமையலைத் தெரிந்தவருக்கும் புதிதாகக் கற்க வேண்டியதாக இருக்கலாம். கற்றுக்கொடுப்பார்தான் யாரும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மற்றவை வரிசையாகப் பிடிபட்டன. 28 சென்டிமீட்டர் வாயகலமுள்ள வாணலியில் 200 மில்லி குழம்பை ஊற்றினால் அது 3 மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் நிற்கும். கண் மூடித் திறப்பதற்குள் வற்றிக் கருகும். அதையே 18 சென்டிமீட்டர் வாணலியில் ஊற்றினால் 8 மில்லிமீட்டர் நிற்கும், நிதானமாகக் கொதிக்கும். எண்ணெயும் அப்படியே. வாணலியின் அடிப்பரப்பை நனைக்கத்தான் எண்ணெய் ஊற்றுகிறோம். பெரிய வாணலியில் ஒருவருக்கு வதக்கினால் நால்வருக்கு ஊற்றும் எண்ணெயில் பெரும்பகுதி தேவைப்படும், அவ்வளவும் ஒரே வயிற்றுக்குள் போகும். தனியாகக் குடியேறும் யாராவது என்ன வாங்கலாம் என்று கேட்டால், கனமான அடிப்பாகமும் நன்றாகப் பொருந்தும் மூடியும் உள்ள ஒரு சிறிய பானை, ஒரு சிறிய வாணலி, ஒரு தராசு என்றுதான் சொல்கிறேன். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சின்ன அளவுக்கென்று ஓர் ஆதாயமும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. காளானோ காலிஃபிளவரோ பொன்னிறமாக வறுபடும்போது வரும் மணத்துக்குக் காரணமான வேதிவினையை லூயி காமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலர் 1912இல் விவரித்தார். அது வேகமாக நடக்க 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். காயின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். நால்வருக்கான காளானை ஒரே வாணலியில் குவித்தால் அது தன் நீரிலேயே புழுங்கி வெளுத்துப்போகும். ஒருவருக்கான காளான் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரவிக் கிடக்கும். நீர் உடனே வெளியேறி, ஓரங்கள் சிவந்து, சில நிமிடங்களில் தட்டுக்கு வரும். பெரிய குடும்பத்தில் மூன்று தவணையாக வறுத்தால்தான் கிடைக்கும் ருசி தனியாளுக்கு ஒரே தவணையில் கிடைக்கிறது.

தராசில் கண்டதைப் பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். எண்களைப் பொறுமையாகக் கேட்டார். "அப்ப என் கை தப்பில்லயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை பெரியம்மா, பானைதான் பெரிசு என்றேன். அடுத்த முறை போகும்போது ஒரு சிறிய பானையும், தண்ணீர் அளவுக்கு ஒரு கோடு போட்ட டம்ளரும் கொண்டு போனேன். அவர் தினமும் சமைக்கிறார் என்று சொல்லமாட்டேன். ரொட்டி இரவுகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் மறந்துபோச்சு என்று இப்போது அவர் சொல்வதில்லை.

காத்திருக்கும் காய்களும் காத்திராதவையும்

அளவு பிடிபட்ட பிறகு எதிர்ப்படுவது மீதியாகும் பொருள்களின் சிக்கல். பாதி வெங்காயம், முக்கால் கட்டுக் கீரை, ஒரு மூலை வெட்டிய முட்டைக்கோஸ். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது, சராசரியாக ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. தனியாக வாழ்பவர் வீட்டில் பொருள் கெடுவது அவர் பொறுப்பில்லாதவர் என்பதால் அல்ல. கட்டின் அளவை அவர் தீர்மானிப்பதில்லை; வாங்கியதை முடிக்க உதவும் இன்னொரு வாயும் வீட்டில் இல்லை.

நான் வாரத்துக்கு ஒருமுறை காய் வாங்குகிறேன். என்ன சமைக்கலாம் என்று திட்டமிடுவதைவிட எது முதலில் கெடும் என்று வரிசைப்படுத்துவது எனக்கு அதிகம் உதவுகிறது. கீரையும் காளானும் முதல் இரண்டு நாள்களுக்கு. தக்காளி, வெள்ளரி, பீன்ஸ் ஆகியவை அடுத்து. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஆகியவை வாரக் கடைசிவரை பொறுத்திருக்கும். முழுப் பூசணி மாதக்கணக்கில் பொறுக்கும், வெட்டிவிட்டால் நாள் கணக்குத்தான். முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டாமல் வெளி இலைகளை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தால் உள்ளிருப்பது புதிதாகவே இருக்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடுவதில்லை. பக்கத்தில் வைத்தால் இரண்டும் சீக்கிரம் முளைக்கவும் அழுகவும் தொடங்கும். உறைபட்டாணியைக் குறைவாக எண்ணுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. பறித்த சில மணி நேரத்துக்குள் உறையவைக்கப்படும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே திருப்பி வைக்கலாம். தனியாளுக்கு இதைவிட ஏற்ற காய் அரிது. முட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது ஓர் ஆள் அளவிலேயே வருகிறது.

அடுத்தது சலிப்பு. மூன்று நாளும் ஒரே குழம்பைச் சாப்பிடுவது என்ற எண்ணமே பலரைச் சமையலறையிலிருந்து விரட்டுகிறது, அது நியாயமானதும்கூட. எனக்கு உதவியது ருசியைத் தள்ளிப்போடுவது. பருப்பை உப்பும் மசாலாவும் இல்லாமல் வெறுமனே வேகவைத்து, ஒருவேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து உறையவைத்துவிடுகிறேன். அந்த டப்பாவுக்குள் இருப்பது இன்னும் எந்த உணவாகவும் ஆகவில்லை. ஒருநாள் அதில் தண்ணீர் சேர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுச் சூப்பாகக் குடிப்பேன். இன்னொரு நாள் கீரையோடு சேர்த்துக் கெட்டியாக்குவேன். வேறொரு நாள் வதக்கிய தக்காளியில் கொட்டி, கொதிக்கும்போது ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மூடி வைப்பேன். என்ன வேண்டும் என்பதைப் பசி வந்த பிறகு நாக்கு முடிவு செய்கிறது. வாரத் தொடக்கத்திலேயே ஏழு நாள் சாப்பாட்டையும் சமைத்து அடுக்கிவிடும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அவர்களுக்கு அது பயன்படலாம். எனக்கு அது வெள்ளிக்கிழமை இரவின் பசியை ஞாயிற்றுக்கிழமையே தீர்மானித்துவிடுவதாகத் தோன்றுகிறது.

மீதி வைப்பவர்கள் சோற்று விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் அரிசியில் இருக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் அவை சாவதில்லை. வெந்த சோறு அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு சூட்டுக்குச் சிதையாது என்பதால், மறுநாள் நன்றாகச் சுடவைத்தேனே என்று சொல்லிப் பயனில்லை. ஆகவே சாப்பிட்டு முடித்ததும் மீதிச் சோற்றை அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள், 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்கும் குளிர்பெட்டிக்குள் வைத்து, மறுநாளுக்குள் ஒரே ஒருமுறை சூடாக்கித் தீர்த்துவிட வேண்டும். உறையவைப்பதானால் ஆறிய உடனே மைனஸ் 18 டிகிரிக்கு அனுப்பிவிடலாம். தனியாக இருப்பவருக்கு வயிறு கெட்டால் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது. இந்தக் கண்டிப்பை நான் தளர்த்துவதே இல்லை.

தட்டுக்கு முன்னால்

சமைத்து முடித்தபின் அதை எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதிலும் அந்தக் கால்வாசி மனம் வேலை செய்கிறது. வாணலியிலிருந்தே கரண்டியால் சாப்பிடுவது, அடுப்பருகே நின்றுகொண்டே முடித்துவிடுவது, ஒரு கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அள்ளிப் போடுவது. கழுவ வேண்டிய தட்டு ஒன்று மிச்சம் என்று இதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. மனிதர்கள் சேர்ந்து உண்ணும்போது கூடுதலாக உண்கிறார்கள் என்பதை உளவியலர் ஜான் டி காஸ்ட்ரோ உணவு நாள்குறிப்புகளைக் கொண்டு ஆராய்ந்தார். 1989இல் வெளியான அவருடைய ஆய்வில், பிறரோடு உண்ட வேளைகள் தனியே உண்டவற்றைவிட 44 விழுக்காடு பெரியவையாக இருந்தன. பெரியம்மாவைப் போலப் பசி மந்தமானவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை: தனியே உண்ணும்போது வயிறு போதும் என்று சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மறுபக்கம், கவனம் சிதறியபடி உண்பதைப் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த அலசல் ஒன்று, திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் அந்த வேளையில் கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்றும், அதற்கடுத்த வேளையில் அதைவிடவும் கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்றும் காட்டியது. உண்டதை நினைவில் பதியவைக்காவிட்டால் உடல் அதைக் கணக்கில் கொள்வதில்லை போலும்.

ரோமானியத் தளபதி லுகுல்லஸ் விருந்துகளுக்குப் பெயர் பெற்றவர். ஒருநாள் விருந்தினர் எவரும் இல்லை என்பதால் பணியாளர் எளிய உணவு ஒன்றை மட்டும் கொண்டுவந்து வைத்தாராம். இன்றிரவு லுகுல்லஸ் லுகுல்லஸோடு உண்கிறார் என்பது உனக்குத் தெரியாதா என்று அவர் கடிந்துகொண்டாராம். அவருடைய ஆடம்பரத்தில் எனக்கு ஈர்ப்பு இல்லை. என் சமையல் பருப்பும் சோறும் ஒரு காயும்தான். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. உண்பவரின் எண்ணிக்கை குறைந்ததற்காக அக்கறையையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற பணியாளரின் எண்ணத்தை அது ஏற்க மறுக்கிறது. தட்டில் பரிமாறிக்கொள்கிறேன், உட்காருகிறேன், கைபேசி வேறு அறையில் இருக்கிறது. வானொலி இருந்தால் தவறில்லை; மௌனம் எல்லோருக்கும் எல்லா நாளும் ஒத்துவராது.

நின்றுகொண்டே கையில் கிடைத்ததைத் தின்றுவிட்டுப் படுக்கத் தோன்றும் நாள்கள் எல்லோருக்கும் வரும். அந்த நாள்களுக்கென்று மன உறுதியை நம்புவதில்லை. ஒரே ஒரு சாப்பாட்டை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறேன். ஓர் உருளைக்கிழங்கைச் சிறு துண்டுகளாக்கிச் சிறிய பானையில் போட்டு, கூடவே கழுவிய இரண்டு முட்டைகளையும் அதே தண்ணீரில் வேகவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு கைப்பிடி உறைபட்டாணியைச் சேர்ப்பேன். தண்ணீரை வடித்து, முட்டையை உரித்து, எண்ணெய், உப்பு, மிளகு, எலுமிச்சைச் சாறு விட்டுப் பிசைந்துகொள்வேன். ஒரே பானை, கால் மணி நேரம், 15 கிராமுக்குக் குறையாத புரதம். யோசிக்க எதுவும் இல்லாததால்தான் அது நடக்கிறது.

தனியாகச் சமைப்பதில் இன்னொரு வசதியும் உண்டு, அது பெரிய குடும்பத்தில் யாருக்கும் கிடைக்காது. நான் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறேன் என்பதை என்னால் துல்லியமாக அறிய முடியும். நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பலர் உண்ணும் வீட்டில் யார் எவ்வளவு உண்டார் என்று சொல்ல வழியில்லை. ஒருவர் மட்டுமே உண்ணும் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் குறைந்தது 200 நாள் வர வேண்டும். வெளியில் சாப்பிடுவதையும் ரொட்டியிலும் ஊறுகாயிலும் இருக்கும் உப்பையும் சேர்த்தால் அதற்கும் மேலேயே வர வேண்டும். எண்ணெய்ப் புட்டிக்கும் சர்க்கரைக்கும் இதே கணக்கைப் போடலாம். பிரிக்கும் நாளின் தேதியைப் பொட்டலத்தின் மேல் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. சர்க்கரை நான் எண்ணியதைவிட வேகமாகத் தீர்ந்தது. காலைத் தேநீரில் அதைப் பாதியாக்கியிருக்கிறேன், இப்போதைய பொட்டலம் தீர இன்னும் நிறைய நாள் பாக்கியிருக்கிறது.